ஒழுகுகிறது என்று நீங்கள் நினைக்கும் ரைடிங் ஜாக்கெட்

இரு சக்கர வாகன ஓட்டிகளின் மழை உடுப்புகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். அண்மையில் என் மேசைக்கு வந்த ஒரு ஜாக்கெட்டின் உட்புறத் தையல்கள் எல்லாவற்றின் மீதும், குளியலறை ஓடுகளின் இடுக்கை அடைக்கும் சிலிக்கோன் பசை தாராளமாகப் பூசப்பட்டிருந்தது. சோதித்துப் பார்த்ததில் தண்ணீர் கழுத்துப் பட்டை வழியாகத்தான் இறங்கியிருந்தது. தையல்களில் ஒரு குறையும் இல்லை. சிலிக்கோன் படிந்த இடத்தில் வேறு எந்தப் பசையும், சூட்டில் ஒட்டும் டேப்பும் பிடிக்காது. ஆகவே நாளை அந்தத் தையல்கள் உண்மையாகவே ஒழுகினாலும் அவற்றைச் சரிசெய்ய வழியில்லை. இப்படி நல்ல நிலையில் இருந்து, வைத்தியத்தால் கெட்டுப்போன உடுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில், வெளித்துணி நனைந்துவிட்டால் ஜாக்கெட் ஒழுகுகிறது என்று பொருள் அல்ல. இதை வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. பெரும்பாலான ரைடிங் ஜாக்கெட்டுகளில் தண்ணீரைத் தடுப்பது வெளியே தெரியும் முரட்டு நைலான் அல்ல. அதற்குப் பின்னால் இருக்கும் மெல்லிய மெம்பிரேன், அதாவது நீரைத் தடுத்து ஆவியை வெளியே விடும் படலம். வெளித்துணியின் மேல் இருப்பது துளிகளை உருட்டிவிடும் ஒரு பூச்சு மட்டுமே. அந்தப் பூச்சு தேய்ந்ததும் துணி நீரை உறிஞ்சுகிறது, கனக்கிறது, காற்றுப்பட்டுச் சில்லிடுகிறது. உடலிலிருந்து வரும் ஆவி நனைந்த துணியைத் தாண்டி வெளியேற முடியாமல் உள்ளேயே நீராகப் படிகிறது. ஓட்டுபவரோ சட்டை ஈரமானதைக் கண்டு, மழைநீர் உள்ளே புகுந்துவிட்டதாகச் சத்தியம் செய்கிறார். புகுந்தது மழையல்ல, அவருடைய வியர்வை. முதுகும் கைகளும் பரவலாக ஈரமாக இருந்தால் வியர்வையைச் சந்தேகியுங்கள். ஓரிடத்தில் மட்டும் திட்டாக நனைந்திருந்தால் ஒழுகலைச் சந்தேகியுங்கள்.

உங்கள் உடுப்பு எந்த வகை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வெளித்துணியை இரு விரல்களால் கிள்ளித் தேய்த்துப் பாருங்கள். அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினால் மெம்பிரேன் உள்ளே தனியாகத் தொங்குகிறது. ஒரே துணியாக நகர்ந்தால் அது வெளித்துணியோடு ஒட்டப்பட்டிருக்கிறது. தனியாகத் தொங்கும் வகையில், நீண்ட மழையில் வெளித்துணி ஊறத்தான் செய்யும். புதிதாக வாங்கியதும் ஊறும்.

அடுத்த தவறு, துவைத்தால் நீர்த்தடுப்பு போய்விடும் என்று பயந்து ஆண்டுக்கணக்கில் துவைக்காமல் இருப்பது. பூச்சைச் செயலிழக்கச் செய்வது அழுக்கும் வியர்வையும் எண்ணெயும்தான். புளூரின் சேர்க்காத புதிய பூச்சுகள் நீரை விலக்குமே தவிர எண்ணெயை விலக்கா என்பதால், செயினிலிருந்து தெறிக்கும் எண்ணெய் அவற்றை இன்னும் எளிதாகக் கெடுக்கிறது. அடிபடாமல் காக்க உள்ளே செருகியிருக்கும் பாதுகாப்புப் பட்டைகளைக் கழற்றி, ஜிப்புகளை மூடி, இத்தகைய துணிகளுக்கென்றே விற்கப்படும் திரவத்தில் துவைத்து, நன்றாக அலசுங்கள். சாதாரணச் சலவைத்தூள் துணியில் தங்கி நீரை ஈர்க்கும்; துணியை மென்மையாக்கும் திரவம் அதைவிடக் கேடு. காய்ந்தபின், உடுப்பில் தைத்திருக்கும் சலவைக் குறிப்பு அனுமதித்தால், மிதமான சூடு கொடுங்கள். பழைய பூச்சு பல நேரங்களில் அதிலேயே உயிர்பெறும். அப்படியும் துளிகள் உருளவில்லை என்றால் மட்டும் ஸ்பிரே வாங்குங்கள். மெம்பிரேனில் உள்ள ஓட்டையை எந்த ஸ்பிரேயும் அடைக்காது.

உண்மையான ஒழுகல் என்றால், இடத்தைக் கண்டுபிடிக்கும் வரை எதையும் பூசாதீர்கள். முதலில் விளிம்புகளைப் பாருங்கள். கையுறைக்கு வெளியே அரை அங்குலம் எட்டிப்பார்க்கும் உள்துணி, விளக்குத் திரிபோல நீரை முழங்கை வரை இழுத்துச் செல்லும். உள்ளே போட்ட சட்டையின் காலரும் அப்படியே. பேன்ட்டில் கவட்டைப் பகுதிதான் முதலில் கெடும், ஏனெனில் வண்டியின் இருக்கையில் தேங்கும் நீரை உடல் எடை அழுத்துகிறது, மடிப்பும் அங்கேதான் ஓயாமல் உரசுகிறது. ஒட்டிய வகை உடுப்பானால் உள்ளே வெளியாகத் திருப்பாமலே, சந்தேகப்படும் இடத்தைக் கிண்ணமாகக் குழித்து உட்புறத்தில் நீர் ஊற்றி, வெளிப்புறத்தைக் கவனியுங்கள். தையல் துளைகளை மறைக்க உட்புறம் ஒட்டியிருக்கும் டேப்பின் ஓரத்தை நகத்தால் மெல்ல நெருடினால் எழும்பி வருகிறதா, அடியில் வெண்மையாகக் குமிழ் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

டேப் ஓரிரு இடங்களில் எழும்பியிருந்தால் மெம்பிரேனுக்கு ஏற்ற புதிய டேப்பைச் சூட்டில் அழுத்தி ஒட்டிவிடலாம். அதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வீட்டு இஸ்திரிப் பெட்டியில் பொசுங்கிய மெம்பிரேன்களை நான் நிறையப் பார்த்தாயிற்று. சிறு ஓட்டைக்கு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, மூலைகளை வட்டமாக வெட்டிய ஒட்டுத்துண்டை அழுத்தி ஒரு நாள் விடுங்கள். கூர்மையான மூலைதான் முதலில் உரியும். தயவுசெய்து தைக்காதீர்கள். முதுகில் குழுச் சின்னம் தைத்துவிட்டு மழைக்குப் பிறகு என்னைத் தேடி வருபவர்களே, ஊசி இறங்கிய ஒவ்வோர் இடமும் ஓட்டை. ஜிப் கெட்டால் பெரும்பாலும் தேய்ந்தது பற்கள் அல்ல, மேலும் கீழும் ஓடும் தலைதான். அதை மட்டும் மாற்றினால் போதும். சைலன்சரில் பட்டு உருகிய பேன்ட் காலுக்கு வெளியில் மட்டும் ஒட்டுப் போடுவது வீண். உள்ளே மெம்பிரேனும் சுருங்கியிருக்கிறதா என்று திறந்து பார்த்தாக வேண்டும். மெழுகிட்ட பருத்தி ஜாக்கெட் தனி இனம், அதை இயந்திரத்தில் போடவே கூடாது. குளிர்ந்த நீரில் துடைத்து மீண்டும் மெழுகிடுங்கள்.

உட்புறம் பிசுபிசுத்து, பாலியுரிதேன் பூச்சு செதில் செதிலாக உதிரத் தொடங்கினால் அதற்கு மருந்து இல்லை. ஈரமும் வெப்பமும் சேர்ந்து அந்தப் பொருளையே சிதைத்துவிட்டன. ஈரத்தோடு மடித்துப் பெட்டியில் வைத்தால் அது விரைவாகவே நடக்கும். வெயிலில் வெளுத்து வலுவிழந்த நைலானுக்கும் விடைகொடுங்கள். விபத்தில் சாலையில் உரசிய தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் பகுதிகளை நான் ஒட்டிக் கொடுப்பதில்லை. எவ்வளவு கெஞ்சினாலும் இல்லை. இஎன் 17092 என்னும், ஓட்டிகளின் பாதுகாப்பு உடுப்புக்கான ஐரோப்பியத் தரச்சீட்டு, தயாரித்த நிலையில் சோதிக்கப்பட்ட உடுப்புக்கானது, என் ஒட்டுக்கானது அல்ல.

ஆனால் துணியும் தையலும் பாதுகாப்புப் பட்டைகளும் உறுதியாக இருந்து, நீர்த்தடுப்பு மட்டும் போயிருந்தால் எதற்காக எறிய வேண்டும்? மேலே போட்டுக்கொள்ளும் தனி மழை உடுப்பு ஒன்று வாங்கிக்கொண்டு அதையே பல ஆண்டுகள் அணியலாம். விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

பழுதுபார்க்கக் கொடுப்பதானால் துவைத்து, காயவைத்துக் கொடுங்கள். எண்ணெய் ஏறிய துணியில் எதுவும் ஒட்டாது. நனைந்த இடத்தை ஈரம் காயுமுன் சாக்பீஸால் வட்டமிட்டு வையுங்கள். எவ்வளவு நேர மழையில் நனைந்தது, கையுறை ஜாக்கெட் கையின் மேலே இருந்ததா உள்ளே இருந்ததா என்பதையும் எழுதிச் சட்டைப்பையில் போட்டுவிடுங்கள்.