எச்சரிக்கையிலிருந்து பிழைக்கு: ஜிசிசி தொகுப்பியின் புதிய பதிப்புகள் செய்வது என்ன?

பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை, மீரியபெத்த தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 அன்று மண்சரிவு லயன் வீடுகளைப் புதைத்த நாளை மலையகம் மறக்கவில்லை. கணினி கற்கும் நம் மாணவர்கள் ஊருக்குப் பயன்படும் ஏதேனும் ஒன்றைச் செய்து பார்க்க விரும்பும்போது, மழைமானியைக் கணினியுடன் இணைக்கும் யோசனை இயல்பாகவே எழுவதற்கு அதுவும் ஒரு காரணம். கவிழும் வாளி கொண்ட மழைமானி எளிமையான கருவி. உள்ளே இருக்கும் சிறு வாளி, எடுத்துக்காட்டாக, ஒவ்வொரு 0.2 மில்லிமீற்றர் மழைக்கும் ஒரு முறை கவிழும்; நிமிடத்துக்கு எத்தனை முறை கவிழ்ந்தது என்று எண்ணி வைத்தால் ஒரு நாளுக்கு 1440 எண்கள் கிடைக்கும். அவற்றைக் கூட்டி, நாளின் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் ஒலியெழுப்பும் ஒரு சிறு செய்நிரலை சி மொழியில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். தொகுப்பியின் புதிய பதிப்புகளில் என்ன மாறியிருக்கிறது என்பதைப் பார்க்க இந்தச் செய்நிரலே போதும்.

தொகுப்பி என்பது நாம் எழுதும் மூலநிரலைச் செயலி நிறைவேற்றக்கூடிய பொறி மொழிக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள். ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1987இல் முதன்முதலில் வெளியிட்ட ஜிசிசி, இன்றும் லினக்ஸ் உலகின் பெரும்பகுதியைக் கட்டியெழுப்பும் தொகுப்பியாக இருக்கிறது; ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு வருகிறது. புதிய பதிப்பு என்றால் வேகம் கூடியிருக்கும் என்றே பலரும் முதலில் எதிர்பார்க்கிறார்கள். வேகமும் கூடியிருக்கிறது. ஆனால், தொகுப்பி எதை ஏற்க மறுக்கத் தொடங்கியிருக்கிறது என்பதே அண்மைப் பதிப்புகளில் வந்த ஆகப் பெரிய முன்னேற்றம் என்று நான் கருதுகிறேன்.

நமது செய்நிரல் இரண்டு கோப்புகளில் இருக்கிறது. முதல் கோப்பில் உள்ள சார்பு (ஒரு குறித்த வேலையைச் செய்யும் நிரல்பகுதி), வாளி கவிழ்ந்த எண்ணிக்கையைக் கூட்டி, 0.2ஆல் பெருக்கி, மழையளவைத் தசம எண்ணாகத் திருப்பித் தருகிறது. இரண்டாவது கோப்பு அந்தச் சார்பை அழைக்கிறது; ஆனால் சார்பின் பிரகடனம் (அது எவற்றை ஏற்கும், எவ்வகை விடையைத் தரும் என்ற அறிவிப்பு) அடங்கிய தலைப்புக் கோப்பைச் சேர்க்க மாணவர் மறந்துவிட்டார். தொகுப்பி ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகவே மொழிபெயர்ப்பதால், இரண்டாவது கோப்பைப் படிக்கும்போது அச்சார்பு என்ன வகை எண்ணைத் தரும் என்பது அதற்குத் தெரியாது. பழைய சி மொழியின் விதிப்படி, தெரியாத சார்பு முழு எண்ணையே தரும் என்று தொகுப்பி தானாக ஊகித்துக்கொள்ளும்.

தவறு இங்கேதான் பிறக்கிறது. 64 பிட் இன்டெல், ஏஎம்டி செயலிகளில் இயங்கும் லினக்ஸில், சார்பு ஒன்று தரும் தசம எண் ஒரு பதிவகத்திலும் (செயலிக்குள் எண்களை வைக்கும் சிறு இடம்) முழு எண் வேறொரு பதிவகத்திலும் வைக்கப்படும். அழைக்கப்பட்ட சார்பு தன் விடையைத் தசமப் பதிவகத்தில் சரியாகவே வைத்துவிட்டுத் திரும்புகிறது. அழைத்த பகுதியோ முழு எண் பதிவகத்தைத் திறந்து பார்க்கிறது. அங்கே முந்தைய கணக்கிலிருந்து எஞ்சிய ஏதோ ஓர் எண் கிடக்கும். வாளி 410 முறை கவிழ்ந்த நாளில் உண்மையான மழை 82 மில்லிமீற்றர். எஞ்சிய எண் 410 ஆகவே இருந்தால் செய்நிரல் வானமே இடிந்து விழுந்ததுபோல் ஒலியெழுப்பும். 0 ஆக இருந்தால் மழையே பெய்யாத நாள் என்று பேசாமல் இருந்துவிடும். கோப்புகளை இணைக்கும் இணைப்பியும் இதைப் பிடிக்காது, ஏனெனில் சி மொழியில் அது பெயர்களை மட்டுமே ஒப்பிடுகிறது, வகைகளை ஒப்பிடுவதில்லை.

பிரகடனம் இல்லாத அழைப்பை சி மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரம் நீக்கிவிட்டது. ஆயினும் ஜிசிசி நெடுங்காலம் ஓர் எச்சரிக்கையை மட்டும் அச்சிட்டுவிட்டு, செய்நிரலைக் கட்டி முடித்துக் கொடுத்துவந்தது. திரையில் ஓடும் வரிகளுக்கிடையே அந்த ஒற்றை எச்சரிக்கையைக் கவனிக்கும் பழக்கம் புதிதாகக் கற்பவரிடம் இருப்பதில்லை. செய்நிரல் ஓடுகிறதே என்று மேலே போய்விடுவார். 2024 மே மாதம் வெளியான ஜிசிசி 14 இந்த எச்சரிக்கையைப் பிழையாக உயர்த்தியது. பிரகடனம் இல்லையென்றால் கட்டுமானம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஒன்றுக்கொன்று பொருந்தாத சுட்டிகளை (நினைவக முகவரிகளைக் கொண்ட மாறிகளை) கலப்பதும், முழு எண்ணைச் சுட்டியாக நடத்துவதும் அதே பதிப்பில் பிழைகளாயின. கிளாங் தொகுப்பி, பிரகடனமற்ற அழைப்பைப் பொறுத்தவரை, 2023இல் தன் 16ஆம் பதிப்பிலேயே இதைச் செய்துவிட்டது.

விதி மாறி 25 ஆண்டுகள் கழித்தே தொகுப்பி மாறியதற்குச் சோம்பல் காரணமன்று. லினக்ஸ் உலகின் பழைய மென்பொருள்கள் பல, நிறுவப்படும் முன், கணினியில் என்ன வசதிகள் உள்ளன என்று ஆராயும் ஒரு நிரலை இயக்குகின்றன. அந்நிரல் சில வரிகளே கொண்ட சோதனைச் செய்நிரல்களை எழுதி, அவை தொகுக்கப்படுகின்றனவா என்று பார்க்கும். அந்தச் சோதனைகளிலேயே தலைப்புக் கோப்புகள் விடுபட்டிருந்தால், புதிய தொகுப்பி அவற்றை மறுக்கும். ஆராயும் நிரல் அதைத் தவறு என்று எடுத்துக்கொள்ளாமல், 'இந்த வசதி இக்கணினியில் இல்லை' என்று முடிவுசெய்யும். மென்பொருள் பிழைச்செய்தி எதுவுமின்றிக் கட்டப்படும், ஆனால் ஓர் அங்கம் குறைந்திருக்கும். பெடோரா போன்ற லினக்ஸ் வழங்கல்களைப் பராமரிப்போர் பதிப்பு வெளிவருவதற்கு முன்பே ஏராளமான மென்பொருள்களைத் தேடித் திருத்தவேண்டியிருந்தது இதனால்தான். அவர்கள் உழைப்பு வெளியே தெரிவதில்லை. அது இல்லாமல் இந்த மாற்றம் நடந்திருக்காது.

2025 ஏப்ரலில் வந்த ஜிசிசி 15, வேறெதுவும் குறிப்பிடாவிட்டால் சி மொழியின் 2023ஆம் ஆண்டுத் தரத்தையே பின்பற்றுகிறது. அடைப்புக்குறிக்குள் எதுவும் இல்லாமல் பிரகடனம் செய்த சார்பு, முன்பு எத்தனை உள்ளீடுகளையும் ஏற்கலாம் என்று பொருள்பட்டது. இப்போது உள்ளீடே இல்லாதது என்று பொருள்படுகிறது. பாடசாலை ஆய்வுகூடத்துப் பழைய கணினியில் தொகுக்கப்பட்ட பயிற்சி வீட்டில் புதிய லினக்ஸில் மறுக்கப்படுவதற்கு 14, 15 ஆகிய இவ்விரு பதிப்புகளின் மாற்றங்கள் காரணமாக இருக்கலாம். பழைய தரத்தைத் தெரிவு செய்யும் கட்டளையைத் தொகுப்பிக்குக் கொடுத்து 15ஆம் பதிப்பின் மாற்றத்தைத் தற்காலிகமாகக் கடக்கலாம். ஆனால் மூலநிரலைத் திருத்துவதே நல்லது.

வேகத்துக்கு வருவோம். 2022இல் வெளியான ஜிசிசி 12, செய்நிரலை வேகப்படுத்தும் சீராக்கல் மட்டங்களுள் பலரும் பயன்படுத்தும் 'ஓ2'இலேயே நெறியமாக்கலை, அதாவது பல எண்களை ஒரே கட்டளையில் கையாளுவதை, தொடங்கியது. அதற்கு முன் 'ஓ3' மட்டத்தில்தான் அது தானாக நடந்தது. 64 பிட் இன்டெல், ஏஎம்டி செயலிகள் அனைத்திலும் 128 பிட் அகலமான பதிவகங்கள் உண்டு. அவற்றில் 32 பிட் முழு எண்கள் நான்கை வரிசையாக அடுக்கி, ஒரே கட்டளையில் நான்கு கூட்டல்களைச் செய்யலாம். நமது 1440 நிமிட எண்களைக் கூட்டும் சுழற்சி 360 சுற்றுகளில் முடிந்துவிடும். 'ஓ2' மட்டத்தில் தொகுப்பி மிகவும் நிதானமாகவே இதைச் செய்கிறது: 1440 என்ற எண்ணிக்கை முன்கூட்டியே தெரிந்திருப்பதும், அது 4ஆல் மீதியின்றி வகுபடுவதும் இங்கே துணை செய்கின்றன. பழைய கணினியும் புதிய வன்பொருள் எதுவும் வாங்காமலேயே இதனால் பயன் பெறும்.

கவிழ்ந்த எண்ணிக்கைக்குப் பதிலாக 0.2, 0.4 என்று தசம எண்களைச் சேமித்துக் கூட்டியிருந்தால் தொகுப்பி இதைச் செய்யாது. 0.2ஐ இரும எண்ணாகத் துல்லியமாக எழுத முடியாது. ஒவ்வொரு கூட்டலிலும் சிறு முழுமையாக்கல் (விடையைக் கிட்டிய எண்ணாக மாற்றுதல்) நிகழும். கூட்டும் வரிசை மாறினால் விடையின் கடைசி இலக்கங்களும் மாறக்கூடும். நாம் வெளிப்படையாக அனுமதிக்காத வரையில் அந்த வரிசையைத் தொகுப்பி மாற்றுவதில்லை. ஆகவே முழு எண்களில் எண்ணி, இறுதியில் ஒரே ஒரு முறை 0.2ஆல் பெருக்குவதே துல்லியத்துக்கும் வேகத்துக்கும் உகந்தது.

தமிழில் எழுதுவோர் அறியவேண்டிய மாற்றம் ஒன்று 2020இல் ஜிசிசி 10 உடன் வந்தது. மாறிகளுக்கும் சார்புகளுக்கும் யுனிகோட் எழுத்துகளை நேரடியாகவே தட்டச்சிட்டுப் பெயரிடலாம். மழைத் தொகையைக் கொண்ட மாறிக்கு 'மொத்தம்' என்றே பெயர் வைக்கலாம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 'மொ' என்ற எழுத்திலுள்ள ஒகரக் குறியை யுனிகோட்டில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியையும் ஆகாரக் குறியையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். தொகுப்பிக்கோ அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். பிரித்து எழுதிய வடிவத்தைக் கண்டால், பெயர் நியம வடிவில் இல்லை என்று ஜிசிசி எச்சரிக்கும். கண்ணால் பார்த்து எந்த இடம் தவறு என்று கண்டுபிடிக்க முடியாது என்பதால், எச்சரிக்கை காட்டும் வரியில் உள்ள பெயரை முழுவதும் அழித்து, ஒகரத்தை ஒற்றைக் குறியீடாக இடும் விசைப்பலகை அமைப்பில் மீண்டும் தட்டச்சிட வேண்டும்.