கடன் இருந்தால் பொலிஸ் ரிப்போட் கிடைக்காதா?

வெளிநாட்டு வேலைக்குக் கேட்கும் பொலிஸ் கிளியரன்ஸ், அதாவது ஊரில் நாம் சொல்லும் பொலிஸ் ரிப்போட், கடன் கணக்கைப் பார்த்துக் கொடுக்கப்படுவதல்ல. உங்கள் பெயரில் குற்றப் பதிவோ வழக்கோ உண்டா என்பதைத்தான் பொலிஸ் தேடும். நுண்கடன் தவணை தவறியது, கைமாற்றுக் காசைத் திருப்பாதது, நகை அடகில் மூழ்கியது எல்லாம் சிவில் விடயம். "காசு கட்டாட்டி ரிப்போட் வராது" என்று வாசலில் வந்து மிரட்டுகிறவரை நம்ப வேண்டாம். அப்படிப் பயந்து, இன்னொரு வட்டிக்கடன் எடுத்துப் பழைய கடனை அடைப்பதுதான் பெரிய இழப்பு.

கிரிப் (CRIB) வேறு. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த இலங்கைக் கடன் தகவல் பணியகம் அது. வங்கியில் அல்லது லீசிங்கில் புதுக் கடன் கேட்கும்போது அந்த அறிக்கை பார்க்கப்படும். பிணைக்குக் கையெழுத்து வைத்த கடனும் அதில் தெரியும்.

சிக்கல் வருவது காசோலையில். கடனுக்கு ஈடாகத் திகதி போடாமல் கையெழுத்து மட்டும் வைத்துக் கொடுத்த செக்கில், கடன் கொடுத்தவர் பிறகு திகதி எழுதி வங்கியில் போடுவார். கணக்கில் காசு இல்லாமல் அது திரும்பினால், வங்கி கொடுக்கும் துண்டோடு பொலிஸுக்குப் போவார். காசில்லை என்று தெரிந்தே செக் கொடுப்பது, 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் குற்றம். வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். சீட்டுக் காசைச் சுருட்டியது, லீசிங் முடியாத ஓட்டோவைக் கம்பனிக்குத் தெரியாமல் விற்றது போன்றவையும் மோசடி முறைப்பாடாக மாறக்கூடும். ஆகவே கடனை அடைக்கும் அன்றே செக்கைத் திருப்பி வாங்குங்கள். பற்றுச்சீட்டில் செக் இலக்கத்தையும் எழுதுவியுங்கள்.

அடுத்தது பிடியாணை. நீங்கள் வாழைச்சேனையிலிருந்து கல்முனைக்கு வீடு மாறியிருக்க, அழைப்பாணை பழைய விலாசத்துக்குப் போகும். தவணைக்கு ஆள் வராததால் நீதிமன்றம் பிடியாணை போடும். பிறகு முறைப்பாட்டாளருக்குக் காசைக் கொடுத்துச் சமாதானமானாலும் அது தானாக நீங்காது. சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் (மோஷன்) போட்டு, நீங்களே மன்றில் முன்னிலையாகி அதை மீளப்பெறச் செய்ய வேண்டும்.

சந்தேகம் இருந்தால், விண்ணப்பிக்க முன்னரே வழக்கு நடந்த நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் வழக்கு இலக்கத்தைக் கொண்டு விசாரியுங்கள். முடிந்த வழக்கென்றால் கட்டளையின் சான்றுப்படுத்திய பிரதி எடுத்து வையுங்கள். பொலிஸ் கேட்டால் அதுதான் கைகொடுக்கும். ஆட்களுக்கிடையிலான கைமாற்றுத் தகராறை மத்தியஸ்த சபையில் பேசித் தீர்க்கலாம், அங்கே சட்டத்தரணி தேவையில்லை. தீர்வு எழுத்தில் வந்ததும் ஒரு பிரதியைக் கடவுச்சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.