ராணுவ ஸ்மார்ட் கார்டு: குடுக்குறது ஈஸி, திரும்ப வாங்குறதுதான் வேலை

ஸ்மார்ட் கார்டு லைன்ல இருக்குற எங்கிட்ட யாரு வந்து பேசினாலும் முதல் கேள்வி ஒண்ணுதான், சிப் மெமரி எத்தனை கேபி சார், கைரேகை ஏறுமா, போட்டோ பளிச்சுனு வருமா. கம்பெனி ஐடி கார்டு போட வர்றவங்களும் சரி, யூனிஃபார்ம் போட்டவங்களும் சரி, இதைத்தான் கேக்குறாங்க. கேக்க வேண்டிய கேள்வியை மட்டும் யாரும் கேக்குறதில்ல: வேலையை விட்டுப் போற ஆள்கிட்டருந்து இந்தக் கார்டை எப்படி வாங்குவீங்க, வாங்க முடியலேன்னா எவ்வளவு நேரத்துல அதை செல்லாததாக்குவீங்க? இதைப் பத்திப் பேசணும்னா அமெரிக்க பாதுகாப்புத் துறையோட காமன் ஆக்சஸ் கார்டை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. சுருக்கமா சிஏசி. இருபது வருஷத்துக்கு மேல ஓடிட்டிருக்கு, முப்பது லட்சத்துக்கும் மேல ஆளுங்க கையில இருக்கு, அதுல நடந்த நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் வெளியிலயே வந்தாச்சு.

முதல்ல எப்படி வந்துச்சுன்னு சொல்லிடறேன். 1990-களோட நடுவுல ஹவாய்ல இருக்குற படைப்பிரிவுகள்ல மார்க்னு ஒரு கார்டை சோதனை பண்ணாங்க, ஒரே பிளாஸ்டிக்ல போட்டோ, பார்கோடு, மேக்னட்டிக் பட்டை, சிப் நாலும். ஒரு படைப்பிரிவு கிளம்புறப்போ யாரு விமானத்துல ஏறினாங்க, யாருக்கு என்ன ஊசி போட்டாச்சு, இதெல்லாம் பேப்பர் பேப்பரா எழுதிட்டிருந்தது, அதை கார்டு வச்சு முடிக்க முடியுமான்னு பாக்குறதுதான் நோக்கம். அப்புறம் 1999 நவம்பர் 10-ம் தேதி அப்போதைய துணைப் பாதுகாப்புச் செயலர் ஜான் ஹாம்ரே ஒரு உத்தரவு போட்டார், இனிமே ஐடி கார்டு, கட்டடத்துக்குள்ள போற கார்டு, கம்ப்யூட்டர்ல நுழையுற கார்டு எல்லாம் ஒண்ணேன்னு. பணியில இருக்குற வீரர்கள், ரிசர்வ் படை, சிவில் ஊழியர்கள், தகுதியுள்ள கான்ட்ராக்ட் ஆளுங்க, இவங்களுக்குத்தான் இது. குடும்பத்துக்கும் ஓய்வு பெற்றவங்களுக்கும் வேற கார்டு. இந்தப் பிரிவினையை கவனிங்க, நம்ம ஊருக்கு வரும்போது இதைப் பேசணும்.

கார்டு எப்படி வேலை செய்யுதுன்னு புரியாம பாதுகாப்பு பத்திப் பேசுறது வீண். மேக்னட்டிக் பட்டையில டேட்டா சும்மா எழுதி வச்சிருக்கும், படிக்கத் தெரிஞ்சவன் இன்னொரு கார்டுல அப்படியே ஏத்திடலாம். சிப் அப்படியில்ல, அதுக்குள்ள ஒரு குட்டி கம்ப்யூட்டரே இருக்கு, டிஜிட்டல் கையெழுத்துக்கான ரகசிய சாவி அந்த சிப்புக்குள்ளயே உருவாகி அங்கயேதான் இருக்கும், வெளிய வரவே வராது. நீங்க லாகின் பண்ணும்போது சர்வர் ஒரு ரேண்டம் நம்பரை அனுப்பும், நீங்க பின் நம்பர் போட்டதும் சிப் அந்த நம்பரை உள்ளயே வச்சு கையெழுத்துப் போட்டு விடையை மட்டும் வெளிய தள்ளும், சர்வர் உங்க சர்ட்டிஃபிகேட்டை, அதாவது இந்தச் சாவி இன்னாரோடதுன்னு சொல்ற டிஜிட்டல் சான்றை வச்சு சரிபார்க்கும், அவ்வளவுதான், சாவியும் பின்னும் நெட்வொர்க்ல போகவே போகாது. பின் 6-லருந்து 8 இலக்கம், மூணு தடவை தப்பாப் போட்டா கார்டு லாக். முதல்ல வந்த கார்டுல 32 கேபி சிப்தான், அப்புறம் 64, அப்புறம் 144-ன்னு ஏறுச்சு, ஆனா பாதுகாப்பு கூடினது கேபியால இல்ல.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் கார்டு குடுக்குற முறை. ராப்பிட்ஸ்னு ஒரு சிஸ்டம், ராணுவ முகாம்கள்ல அதுக்குன்னு ஒரு மேஜை. நீங்க ரெண்டு அடையாளச் சான்றோட போய் உக்காரணும், உங்க பேரு டீர்ஸ்ங்கற மத்திய டேட்டாபேஸ்ல ஏற்கனவே இருந்தாத்தான் பேச்சே. கைரேகை, போட்டோ எடுத்து, பக்கத்துல இருக்குற பிரிண்டர்லயே கார்டு அடிச்சு, சிப்ல சர்ட்டிஃபிகேட் ஏத்தி, பின் நம்பரை நீங்களே அடிச்சு, கையோட வாங்கிட்டு வரலாம். தபால் கிடையாது, கவர்ல பின் வர்றது கிடையாது. மேஜையில இருக்குற ஆளும் தன்னோட கார்டைச் சொருகித்தான் அந்த சிஸ்டத்துக்குள்ளயே போக முடியும், அதனால யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு தடம் இருக்கும். நம்ம பக்கம் பல இடத்துல கார்டு எங்கயோ அச்சாகி, மூட்டையா வந்து, கிளார்க் மேஜை டிராயர்ல மாசக்கணக்குல கெடக்குறதை நான் பாத்திருக்கேன், பின் எல்லாத்துக்கும் 1234. அந்த கார்டுல உலகத்துலயே சிறந்த சிப் இருந்து என்ன பிரயோஜனம்?

பல வருஷம் சிஏசி வெறும் அழகான ஐடி கார்டாத்தான் கெடந்துச்சு, கம்ப்யூட்டர்ல பாஸ்வேர்டுதான். 2006-ல உத்தரவு போட்டு பாஸ்வேர்டை எடுத்துட்டு கார்டு சொருகினாத்தான் சாதாரண நெட்வொர்க்குக்குள்ள போகலாம்னு கட்டாயமாக்கினாங்க. 2007 ஜனவரியில, அந்த நெட்வொர்க் பாதுகாப்புக்குப் பொறுப்பா இருந்த லெஃப்டினன்ட் ஜெனரல் சார்லஸ் க்ரூம், வெற்றிகரமா நடந்த ஊடுருவல்கள் 46 சதவீதம் குறைஞ்சிருக்குன்னு சொன்னார். கார்டு கையில குடுத்ததுனால இது நடக்கல, பாஸ்வேர்டை மூடினதுனால நடந்துச்சு. இங்க பல ஆபீஸ்ல கார்டும் வச்சிருப்பாங்க, 'அவசரத்துக்கு' பாஸ்வேர்டும் வச்சிருப்பாங்க, திருடன் எப்பவுமே அவசரத்துக்கு வச்ச வழியிலதான் வருவான்.

தலைவலியும் இல்லாம இல்ல. லீவு முடிஞ்சு வந்தவர் பின்னை மறந்து மூணு தடவை அடிச்சு கார்டை லாக் பண்ணிட்டு, அதைத் திறக்க ராப்பிட்ஸ் ஆபீஸுக்கோ பின் ரீசெட் பண்ற இடத்துக்கோ போய் விரல் வச்சாத்தான் உண்டு, அதுவரைக்கும் மெயில் இல்ல, வேலை இல்ல. நடுக்கடல்ல கப்பல்ல இருக்குறவங்களுக்கு வேற கஷ்டம், எந்தெந்த சர்ட்டிஃபிகேட் ரத்தாச்சுன்னு ஒரு பெரிய லிஸ்ட் இருக்கும், சாட்டிலைட் லிங்க்ல அதை இறக்குறதுக்குள்ள விடிஞ்சிடும், பழைய லிஸ்ட்டை வச்சு ஓட்டினா நேத்து ரத்தான கார்டு இன்னைக்கும் வேலை செய்யும். இன்னொண்ணு, புதுக் கார்டு வாங்கினதும் பழைய சாவியால பூட்டி (என்கிரிப்ட் பண்ணி) வந்த மெயிலெல்லாம் திறக்காது, ஏன்னா புதுக் கார்டுல புது சாவி. இதை முன்னாடியே யோசிச்சு மெயிலுக்கான சாவிக்கு மட்டும் ஒரு காப்பி மத்தியில பத்திரமா வைக்கிறாங்க, கையெழுத்து சாவிக்கு காப்பியே கிடையாது, காப்பி இருந்தா 'நான் போட்ட கையெழுத்து இல்ல'ன்னு யாரும் சொல்லிடலாம் இல்லையா. உங்க கம்பெனியில டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் விக்க வர்றவன்கிட்ட இந்த ரெண்டு சாவியையும் எப்படிப் பிரிச்சு வைக்கிறீங்கன்னு கேட்டுப் பாருங்க, முழிப்பான்.

சிப்பை உடைக்க முடியாதுன்னா ஆள் வழியா வருவாங்க. 2012 ஜனவரியில ஏலியன்வால்ட் கம்பெனி ஆராய்ச்சியாளர்கள் சைக்கிபாட்னு ஒரு மால்வேரோட, அதாவது கம்ப்யூட்டருக்குள்ள திருட்டுத்தனமா நுழையுற சாஃப்ட்வேரோட, புது வகையைக் கண்டுபிடிச்சாங்க. மெயில்ல பிடிஎஃப் இணைப்பா வரும், திறந்தா உள்ள உக்காந்துக்கும், நீங்க அடிக்கிற பின் நம்பரை கீபோர்டு வழியா பதிவு பண்ணும், அப்புறம் கார்டு ரீடர்ல சொருகியே இருக்குற நேரமா பாத்து, உங்க கார்டை வச்சே உங்க பேர்ல உள்ள போகும். சாவியை யாரும் திருடல, சிப்பை யாரும் உடைக்கல, கார்டு தன்னோட வேலையை ஒழுங்காத்தான் செஞ்சுச்சு, ஆனா யாருக்காக செஞ்சுச்சுங்கறதுதான் பிரச்சனை. அதனாலதான் எழுந்து டீ குடிக்கப் போனாக்கூட கார்டை உருவிட்டுப் போங்கன்னு தொண்டை கிழிய சொல்றோம். கார்டை உருவினா ஸ்கிரீன் தானா லாக் ஆகுற மாதிரி செட்டிங் இருக்கு, அதை ஆன் பண்ணி வச்சா பாதிப் பிரச்சனை போயிடும். நான் போன ஒரு ஆபீஸ்ல அந்த செட்டிங்கை ஆஃப் பண்ணிட்டாங்க, பெரிய அதிகாரிக்கு அடிக்கடி பின் அடிக்க எரிச்சலா இருந்துச்சாம். அவர் கார்டு காலையில சொருகினா சாயங்காலம்தான் வெளிய வரும், பின் நம்பர் பிஏகிட்டயும் இருந்துச்சு. கையெழுத்து யாரோடதுன்னு நீங்களே சொல்லுங்க.

இப்ப கட்டுரையோட ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு வரேன். 2013 செப்டம்பர் 16-ம் தேதி அமெரிக்கக் கடற்படையோட வாஷிங்டன் நேவி யார்டு வளாகத்துல ஒரு கான்ட்ராக்ட் ஊழியர் துப்பாக்கியால சுட்டு 12 பேர் செத்தாங்க. அவர் சுவர் ஏறிக் குதிக்கல, போலிக் கார்டு வச்சிருக்கல, சொந்தக் கார்டைக் காட்டி வாசல் வழியாத்தான் உள்ள போனார். ஆகஸ்ட் மாசமே ரோட் ஐலண்ட்ல நியூபோர்ட் போலீஸ்கிட்ட தனக்கு ஏதோ குரல் கேக்குதுன்னு சொல்லியிருக்கார், போலீஸும் அங்க இருக்குற கடற்படைத் தளத்துக்குத் தகவல் குடுத்திருக்காங்க. அந்தத் தகவலால கார்டுக்கு ஒண்ணும் ஆகல. கார்டு சொல்றது 'இவர் இன்னார்'னு மட்டும்தான், இவரை இன்னைக்கு உள்ள விடலாமாங்கறது வேற கேள்வி, அதுக்குப் பதில் சொல்ல வேண்டியது பின்னாடி இருக்குற டேட்டாபேஸும் அதை அப்டேட் பண்ற மனுஷங்களும். சிஏசி மூணு வருஷத்துக்கு செல்லும், கான்ட்ராக்ட் அதுக்கு முன்ன முடிஞ்சா அன்னைக்கே காலாவதி ஆகணும், கார்டைத் திருப்பிக் குடுத்தாகணும்னு விதி இருக்கு. ஆனா 2008-லயே பாதுகாப்புத் துறையோட சொந்தத் தணிக்கையே கான்ட்ராக்ட் கார்டுகளைக் குடுக்குறது, புதுப்பிக்கிறது, திரும்ப வாங்குறது எல்லாத்துலயும் ஓட்டை இருக்குன்னு எழுதிச்சு. ஆள் போய்ட்டான், கார்டு போகல, வாடகைக்கு இருந்தவர் காலி பண்ணும்போது சாவியை வாங்காம பூட்டோட பிராண்டைப் பத்திப் பெருமை பேசுற கதைதான்.

கார்டு மேல என்ன அச்சடிக்கிறோம்ங்கறதும் பாதுகாப்புதான். பல வருஷமா அமெரிக்க ராணுவ கார்டுகள்ல சோஷியல் செக்யூரிட்டி நம்பரை அச்சடிச்சிட்டிருந்தாங்க, அந்த ஊர்ல அந்த நம்பர் கிடைச்சா உங்க பேர்ல லோனே வாங்கலாம். 2011-லருந்து அதை எடுத்துட்டு 10 இலக்க ராணுவ அடையாள நம்பரைப் போட ஆரம்பிச்சாங்க. கடையில டிஸ்கவுன்ட்டுக்காக ராணுவ ஐடியை ஜெராக்ஸ் எடுக்குறது அங்க சட்டப்படி தப்பு. இன்னொரு சின்ன விஷயம், நிறைய பேருக்குத் தெரியாது, போர்க்களத்துக்குப் போற வீரருக்கு இதே கார்டுதான் ஜெனீவா ஒப்பந்த அடையாள அட்டை. 1949-ம் வருஷத்து மூணாவது ஜெனீவா ஒப்பந்தத்தோட 17-வது பிரிவுப்படி பேரு, ரேங்க், நம்பர், பிறந்த தேதி இருக்கணும், எதிரி பிடிச்சாலும் கார்டைப் பாக்கலாம், பிடுங்கிக்கக் கூடாது. சிப்ல என்ன வேணும்னாலும் ஏத்துங்க, ஆனா கரன்ட் இல்லாத, ரீடர் இல்லாத, நட்பே இல்லாத இடத்துலயும் இந்த நாலு விஷயம் கண்ணால படிக்கிற மாதிரி இருந்தாகணும். எல்லாத்தையும் செல்போன் ஆப்புல போட்டுடலாம்னு சொல்றவங்க இதை யோசிக்கிறதே இல்ல. 2016 ஜூன்ல பாதுகாப்புத் துறையோட தகவல் தொழில்நுட்பத் தலைவர் டெரி ஹால்வர்சன், இன்னும் ரெண்டு வருஷத்துல சிஏசிக்கு விடை குடுத்துடுவோம்னு சொன்னார். ரெண்டு வருஷம் எப்பவோ போச்சு, கார்டு அங்கயேதான் இருக்கு.

நம்ம ஊருக்கு வருவோம். வேலூர், கம்மவான்பேட்டை பக்கமெல்லாம் வீட்டுக்கு ஒருத்தர் ராணுவத்துல இருந்தவங்க, அவங்க பர்ஸ்ல ரெண்டு ஸ்மார்ட் கார்டு கட்டாயம் இருக்கும், ஒண்ணு ராணுவ கேன்டீன் கார்டு, இன்னொண்ணு ஈசிஎச்எஸ்ங்கற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தோட கார்டு. ஈசிஎச்எஸ் 2003 ஏப்ரல் 1-ம் தேதி ஆரம்பிச்சது, கார்டு 16 கேபி, 32 கேபின்னு போய் இப்ப 64 கேபி. இது நெட்வொர்க்குக்குள்ள போற கார்டு இல்ல, சலுகைக்கான கார்டு, அதனால மக்களும் அதை ரேஷன் கார்டு மாதிரிதான் நடத்துறாங்க. கேன்டீன் கார்டை பின்னோட மச்சானுக்குக் குடுத்து சரக்கு வாங்கிட்டு வரச் சொல்றது, பின் நம்பரை கார்டு கவர்லயே பேனாவுல எழுதி வைக்கிறது, ஈசிஎச்எஸ் கார்டை ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து பென்ஷனர் வாட்ஸ்அப் குரூப்ல 'இதை எப்படி ரின்யூ பண்றது'ன்னு போடுறது. அப்பா, தயவு செஞ்சு அந்தக் கடைசி வேலையை மட்டுமாவது நிறுத்துங்க. உங்க கார்டு பிளாக் ஆகிடுச்சு, ஓடிபி சொல்லுங்கன்னு போன் பண்றவனுக்கு உங்க பேரு, ரேங்க், சர்வீஸ் நம்பரெல்லாம் எங்கருந்து கிடைக்குதுன்னு நினைக்கிறீங்க?

பையன் வேலைக்குப் போனாலோ, கல்யாணம் ஆனாலோ, 25 வயசு ஆனாலோ, இதுல எது முதல்ல வருதோ அன்னையோட அவனுக்கு ஈசிஎச்எஸ் தகுதி முடிஞ்சுது. கார்டு பீரோவுல இருக்குங்கறதுக்காக அதைக் காட்டி மருந்து வாங்கினா பின்னாடி பணத்தை திருப்பிக் கட்டச் சொல்லி வரும், கார்டு அப்பா பேர்ல இருக்குற உறுப்பினர் கணக்குலதான் தொங்குது, மாட்டுறது அப்பாதான். பெரியவர் தவறிட்டா துக்கத்துல யாருக்கும் இது ஞாபகம் வராது, அம்மா பேருக்கு விவரத்தை மாத்தாம பழைய கார்டை வச்சே ஓட்டுவாங்க, அவசரமா ஆஸ்பத்திரியில அட்மிட் பண்ற அன்னைக்குத்தான் சிஸ்டம் ஏத்துக்காம நிக்கும். காரியமெல்லாம் முடிஞ்சதும் பென்ஷன் பேப்பரோட சேர்த்து ஈசிஎச்எஸ் பாலிகிளினிக்லயும் கேன்டீன்லயும் சொல்லிடுங்க. கார்டு தொலைஞ்சா 'எங்கயாவது கிடைக்கும்'னு ஒரு வாரம் தேடாதீங்க, அன்னைக்கே சொல்லி பிளாக் பண்ணிட்டு அப்புறம் தேடுங்க.

கம்பெனிக்கோ துறைக்கோ கார்டு திட்டம் போடுறவங்க இதைப் படிச்சா, சப்ளையர் டெமோ காட்ட வரும்போது ஒண்ணு பண்ணச் சொல்லுங்க. ஒரு கார்டை வாசல்ல காட்டி உள்ள போங்க, அப்புறம் அவரை அந்தக் கார்டை ரத்து பண்ணச் சொல்லிட்டு வாட்சைப் பாத்துட்டே மறுபடியும் வாசல்ல காட்டுங்க. கதவு எத்தனை நிமிஷம் கழிச்சு திறக்க மாட்டேங்குதோ அதை எழுதி வாங்கி கான்ட்ராக்ட்ல சேருங்க. சிப் எத்தனை கேபிங்கறதை சாப்பாட்டுக்கு அப்புறம் பேசிக்கலாம்.