வெப்பம் இருக்கிறது, நியூட்ரான் எங்கே?

சுங்கை சிப்புட்டில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு அணுக்கரு இணைவைச் சொல்லித் தரும்போது நான் ரப்பர் பாலில்தான் தொடங்குவேன். பாலில் மிதக்கும் ரப்பர் துகள்களின் மேல் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஒட்டாமல் கிடக்கின்றன. பார்மிக் அமிலத்தை ஊற்றினால் மின்னூட்டம் சமன்பட்டு பால் உறைந்துவிடும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

அணுக்கருக்களும் தள்ளிக்கொள்கின்றன, ஆனால் அவற்றில் இருப்பது நேர்மின்னூட்டம். டியூட்டிரியம் என்பது கனமான ஹைட்ரஜன்; அதன் இரண்டு கருக்கள் சேர, கோடிக்கணக்கான டிகிரி வெப்பம் வேண்டும். 1989 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பிளைஷ்மன், பான்ஸ் என்ற வேதியியலாளர்கள், கனநீரில் (டியூட்டிரியம் உள்ள நீரில்) பல்லேடியம் உலோக மின்முனையை வைத்து மின்சாரம் செலுத்தியே, அறை வெப்பநிலையில் அந்த இணைவைச் சாதித்ததாக அறிவித்தார்கள்; இதைத்தான் குளிர் இணைவு என்கிறார்கள். அவர்கள் காட்டிய முக்கிய ஆதாரம், கணக்குக்கு மிஞ்சிய வெப்பம்.

சிக்கல் அங்கேதான். டியூட்டிரியம் இணையும்போது ஏறக்குறைய பாதித் தடவை நியூட்ரான் வெளிவரும், மீதிப் பாதியில் டிரிட்டியம் என்ற இன்னும் கனமான ஹைட்ரஜன் உண்டாகும். ஹீலியம்-4 உருவாவது மிக அரிது. உருவானால் சுமார் 24 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) காமாக் கதிரும் கூடவே வரும். அந்த வெப்பம் இந்த வழியில் வந்திருந்தால், பக்கத்தில் நின்றவர்கள் கதிர்வீச்சில் பிழைத்திருக்க மாட்டார்கள்.

ரப்பர் பாலில் அமிலம் செய்கிற வேலையை, அதாவது தள்ளலைக் குறைப்பதை, உலோகத்தின் எலக்ட்ரான்கள் ஓரளவு செய்கின்றன என்பது குளிர் இணைவுக்கு ஒரு விளக்கம். அது துகள் முடுக்கி ஆய்வுகளில் உண்மையாகவே அளக்கப்பட்டிருக்கிறது, ஆனால் அறை வெப்பநிலைக்குப் போதாது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்து ஹாகெல்ஸ்டைன், காமாக் கதிர் காணாமல் போனதற்குக் காரணம் தேடினார்: அந்த ஆற்றலைப் படிகத்தின் அதிர்வுகள் பங்குபோட்டுக்கொள்கின்றன என்றார். அப்படியானால் ஒரே இணைவின் ஆற்றல் பல கோடித் துண்டுகளாகச் சிதற வேண்டும்.

2006இல் விடோம், லார்சன் என்ற ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். புரோட்டான் எலக்ட்ரானைப் பிடித்து நியூட்ரானாகிறது. நியூட்ரானுக்கு மின்னூட்டமே இல்லை, எந்தக் கருவுக்குள்ளும் நுழைந்து தனிமத்தை மாற்றும். எனக்குப் பிடித்த விளக்கம் இதுதான், அவ்வளவு அழகு. ஆனால் ஒவ்வொரு நியூட்ரானுக்கும் சுமார் 7,80,000 எலக்ட்ரான்வோல்ட் செலவாகும். உலோக எலக்ட்ரானிடம் இருப்பதோ சில எலக்ட்ரான்வோல்ட். இந்த இடைவெளியை நிரப்பாதவரை என்னால் அதை ஏற்க முடியாது.

கூகுள் நிதியில் நடந்த மறுஆய்வு, குளிர் இணைவுக்குச் சான்று கிடைக்கவில்லை என்று 2019இல் நேச்சர் இதழில் எழுதியது. அப்புறம் 2025இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு, பல்லேடியத்தின் மேல் டியூட்டிரியம் அயனிகளை மோதவிட்டு, மின்பகுப்பால் கூடுதல் டியூட்டிரியத்தையும் ஏற்றியது. இணைவு சராசரியாக 15 விழுக்காடு கூடியது. செலவழித்த ஆற்றல் திரும்பவில்லை. ஆனாலும் அவர்கள் வெப்பத்தை நம்பாமல், வெளிவந்த நியூட்ரான்களை எண்ணிக் காட்டினார்கள்.