புது போன் வாங்கினா நெட்வொர்க்கையும் மாத்தணுமா?

காரைக்குடியில செல்போன் கடையும் சர்வீஸும் வச்சிருக்கேன். புது போன் வாங்க வர்றவங்கள்ல நிறைய பேரு பில் போட்ட கையோட "அப்படியே வேற நெட்வொர்க்குக்குப் போர்ட் போட்டு விட்ருங்க"ன்னு கேக்குறாங்க, அதாவது நம்பர் மாறாம கம்பெனிய மட்டும் மாத்துறது. கொஞ்சம் பொறுங்கன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்றத இங்க மொத்தமா எழுதிடுறேன்.

போன மாசம் கானாடுகாத்தான்ல ஒரு ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். மகன் அமெரிக்காவுல இருந்து ஐபோன் கொண்டாந்து குடுத்துட்டுப் போயிட்டாரு. "தம்பி, இம்புட்டுக் காசு போட்டு வாங்குனது, ரெண்டாங்கட்டுக்குப் போனா அத்துப்போகுது, மருமக பேசுறாக பாதியில நின்னுருது, வேற கம்பெனிக்கு மாத்தி விடுப்பா"ன்னாங்க. நான் போனைக் கையில வச்சுக்கிட்டு வீடு முழுக்க நடந்து பாத்தேன். முகப்புல நாலு சிக்னல் கோடு, வளவுல வானம் பாத்த எடத்துல மூணு, பக்கத்து அறைக்குள்ள காலை வச்சதும் ஒண்ணு, வீட்டுப் பின்பக்கம் ரெண்டாங்கட்டு அடுப்படியில சுத்தமா இல்ல. என் போன்ல வேற ரெண்டு கம்பெனி சிம் இருக்கு, அதுலயும் ஒண்ணு செத்துப்போச்சு, இன்னொண்ணு ஜன்னல் பக்கம் மட்டும் ஒரு கோடு வந்து வந்து போச்சு. போர்ட் போட்டிருந்தா ஆச்சிக்கு அலைச்சல்தான் மிச்சம்.

காரணம் செவுருதாங்க. நம்ம பக்கத்துப் பழைய வீடுகள்ல செங்கலும் சுண்ணாம்புமா கனத்த செவுரு, அதுமேல தேக்குக் கதவு, அடுத்தடுத்து நாலஞ்சு செவுரு தாண்டிதான் சிக்னல் உள்ள வரணும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் மாதிரி கம்மி அலைவரிசை செவுரத் தாண்டி ஓரளவு உள்ள வரும், ஆனா வேகத்துக்காக 5ஜியில அதிகமா ஓட்டுற 3300 மெகாஹெர்ட்ஸ் வகை ரெண்டு செவுருலயே களைச்சுப்போயிரும். அதனாலதான் தெருவுல 5ஜி பறக்குது, உள்ள வந்தா பேச்சு கேக்கல. அந்த மாதிரி வீட்டுல செட்டிங்ஸ்ல போயி 5ஜிய விட்டுட்டு 4ஜி மட்டும்னு வச்சுப் பாருங்க, நிறைய பேருக்கு அதுலயே சரியாயிருது. கம்பெனி வெப்சைட்ல இருக்குற கவரேஜ் மேப் தெருவுக்குச் சரி, உங்க அடுப்படிக்கு இல்ல.

ஆச்சி வீட்டுல ஏற்கனவே ஃபைபர் நெட் இருந்துச்சு, ஆனா ரூட்டர் முகப்புல கெடந்துச்சு. ஒயர் இழுத்து ரெண்டாங்கட்டுல இன்னொரு ரூட்டர் வச்சு, போன்ல வைஃபை காலிங்கை, அதாவது டவருக்குப் பதிலா வீட்டு நெட் வழியாக் கால் போற வசதிய, ஆன் பண்ணேன், அம்புட்டுதான். அதே நம்பர், அதே சிம், இப்ப அடுப்படியில நின்னுக்கிட்டே பேசுறாங்க.

இன்னொரு பெரிய குழப்பம், 5ஜி போன் வாங்கினா 5ஜி சிம் வேணும்னு நெனைக்கிறது. 2022 அக்டோபர்ல இங்க 5ஜி வந்தப்பவே ஜியோவும் ஏர்டெல்லும் இருக்குற 4ஜி சிம்மே போதும்னு சொல்லிட்டாங்க, பழைய சிம்மைப் புது போன்ல போட்டா ஓடும். பிஎஸ்என்எல் பழைய சிம் வச்சிருக்கவங்க மட்டும் 4ஜி சிம்முக்கு மாத்திக்கணும், அதுக்கும் நம்பர் மாறாது, போர்ட்டும் வேணாம்.

போன் வெளிநாட்டுல இருந்து வருதுன்னா கதை வேற. அமெரிக்காவுல விக்குற ஐபோன் 14ல இருந்து சிம் போடுற தட்டே கெடையாது, போனுக்குள்ளயே இருக்குற இ-சிம் மட்டும்தான், கடையில வந்து தட்டைத் தேடிக்கிட்டு நிக்கிறாங்க பாவம். அதுகூடப் பரவால்ல, அங்க தவணையில வாங்குன போனா இருந்தா அந்த ஊரு நெட்வொர்க் கம்பெனி லாக் போட்டிருக்கலாம், அத எடுக்குற வரைக்கும் நம்ம ஊரு சிம் எதுவும் எடுக்காது, இங்க எந்த நெட்வொர்க்குக்கு மாத்தினாலும் பிரயோஜனம் இல்ல. ஐபோன்ல செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட்னு போயி கேரியர் லாக்னு இருக்குற எடத்துல "நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்"னு காட்டணும். இத அங்க இருக்கும்போதே பாத்துருங்க. ஆண்ட்ராய்டுன்னா வோல்ட்டி, அதாவது 4ஜி வழியாவே கால் பேசுற வசதி, இந்தியாவுல எடுக்குதான்னு கேளுங்க, ஜியோவுல 2ஜி 3ஜி கெடையாது, வோல்ட்டி எடுக்கலன்னா சாதாரண கால் போகாது. இங்கயும் கம்மி விலையில ஒரே கம்பெனி சிம் மட்டும் எடுக்குற போன் வருது, டப்பாவுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டு வாங்குங்க.

இதெல்லாம் பாத்தும் மாத்தித்தான் ஆகணும்னா, மாறப்போற கம்பெனி சிம் ஒண்ண பக்கத்து வீட்டுல இருந்து இரவல் வாங்கி நீங்க படுக்குற அறையில, வேலை பாக்குற எடத்துல ஒரு நாள் போட்டுப் பாருங்க. ஏன்னா ஒரு தடவை மாத்தினா 90 நாளுக்கு வேற எங்கயும் போக முடியாது. இங்கிலீஷ்ல PORTனு டைப் பண்ணி எடம் விட்டு நம்பரப் போட்டு 1900க்கு மெசேஜ் அனுப்புனா எட்டு எழுத்துக் கோட் வரும், நம்ம பக்கம் அது 4 நாள் செல்லும். நம்பர் மாறி வர, ஒரே சர்க்கிளுக்குள்ள (கம்பெனிங்க பிரிச்சு வச்சிருக்குற ஏரியா) இருந்தா 3 வேலை நாள், வேற மாநிலத்து நம்பர்னா 5. போஸ்ட்பெய்டு பாக்கிய மொதல்ல கட்டுங்க. ப்ரீபெய்டுல மிச்சமிருக்குற ரீசார்ஜ் கூட வராது, அதனால பேக் முடியுற சமயமாப் பாத்துப் பண்ணுங்க. தொலஞ்ச சிம்முக்குப் பதிலா புதுசு வாங்கி 7 நாள் ஆகலன்னா அந்தப் போர்ட் கோட் நம்பரே குடுக்க மாட்டாங்க, 2024 ஜூலையில வந்த ரூல் இது, திருட்டத் தடுக்க.

அந்தப் போர்ட் கோட் நம்பர போன்ல யாரு கேட்டாலும் சொல்லாதீங்க. உங்க நம்பர் இன்னொருத்தன் கைக்குப் போனா பேங்க் ஓடிபியும் அவனுக்குத்தான் போகும். ரோட்டுல குடை போட்டு சிம் குடுக்குறவங்ககிட்ட கைரேகை வைக்கும்போதும் கவனம். போன வருஷம் தேவகோட்டையில இருந்து ஒரு அப்பத்தா வந்தாங்க, "சரியா விழலன்னு ரெண்டு தடவை ரேகை வாங்குனாக"ன்னு சொன்னாங்க. சஞ்சார் சாத்திங்குற அரசாங்க வெப்சைட்ல அவங்க நம்பரப் போட்டுப் பாத்தா, அவங்களுக்கே தெரியாம இன்னொரு நம்பர் அவங்க பேருல ஓடிக்கிட்டு இருந்துச்சு. அங்கயே "இது என் நம்பர் இல்ல"ன்னு குடுத்தோம். உங்க பேருல எத்தன நம்பர் இருக்குன்னு நீங்களும் அதுல பாக்கலாம், ரெண்டு நிமிஷ வேலை.

வெளியூர்ல இருக்குற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். கல்யாணத்துக்கோ பிள்ளையார் நோன்புக்கோ வரும்போது அப்பா அம்மாவுக்குப் போன் வாங்கிக் குடுக்குறீங்க, நல்ல விஷயம். கெளம்புறதுக்கு மொதல் நாள் நீங்க வெளித்திண்ணையில உக்காந்துக்கிட்டு, அவங்கள அடுப்படியில நிக்கச்சொல்லி ஒரு கால் போட்டுப் பாத்துட்டுப் போங்க.