ஒளி மங்குவதெல்லாம் கோள் அல்ல

புதிய புறக்கோள் (வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள்) ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதாகச் செய்தி வரும்போதெல்லாம், "அங்கே உயிர்கள் இருக்குமா?" என்றுதான் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். விண்மீன்களின் ஒளி நேரத்தோடு மாறுவதைக் காட்டும் ஒளிவரைபடங்களைச் சரிபார்ப்பதே என் அன்றாடப் பணி என்பதால், அது கோள்தான் என்று எப்படி உறுதிசெய்தார்கள் என்பதையே முதலில் கேளுங்கள் என்பேன்.

வியாழன் அளவுள்ள கோள் ஒன்று சூரியனைப் போன்ற விண்மீனின் குறுக்கே கடந்தால், அதன் ஒளி ஏறத்தாழ 1 சதவீதம் குறையும். பூமி அளவுள்ள கோள் என்றால் 0.01 சதவீதம்கூடக் குறையாது. 2018-இல் ஏவப்பட்ட, நாசாவின் டெஸ் (TESS) விண்கலம் தேடுவது இந்த மங்கலைத்தான். ஆனால் அதன் படத்தில் ஒரு பிக்சல் வானில் 21 வில்நொடி (ஒரு வில்நொடி என்பது ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கு) அகலத்தை அடக்கிக்கொள்வதால், அருகிலுள்ள விண்மீன்களின் ஒளியும் அதனுள் கலந்துவிடுகிறது.

ஒருமுறை, மூன்று நாளுக்கொரு முறை தவறாமல் மங்கும் விண்மீன் ஒன்றைப் பார்த்து நானும் மகிழ்ந்தேன். ஒன்றுவிட்டு ஒன்றாக மங்கல்களைப் பிரித்து, இரு தொகுதிகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தபோது, ஒரு தொகுதி மற்றதைவிடச் சற்றே ஆழமாக இருந்தது. ஒரே கோள் திரும்பத் திரும்பக் கடந்தால் ஆழம் அப்படி மாறி மாறி வராது. ஆறு நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி, மாறி மாறி மறைத்துக்கொள்ளும் இரட்டை விண்மீன்களின் ஒளியே அங்கே கலந்திருந்தது.

மங்கலின் ஆழம் கோளின் ஆரத்தை மட்டுமே காட்டும். நிறையை அறிய, கோளின் ஈர்ப்பால் விண்மீன் முன்னும் பின்னும் அசைவதை நிறமாலையில் அளக்க வேண்டும். 1995-இல் வானியலாளர்கள் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் 51 பெகாசி விண்மீனின் அசைவை அளந்துதான் அதைச் சுற்றும் கோளைக் கண்டறிந்தார்கள். வியாழனின் நிறையில் பாதியளவாவது கொண்ட அந்தக் கோள் 4.2 நாளில் ஒரு சுற்றை முடிக்கிறது. அவ்வளவு வெப்பமான இடத்தில் அத்தனை பெரிய கோள் உருவாவது கடினம் என்பதால், தொலைவில் உருவாகி உள்நோக்கி நகர்ந்திருக்க வேண்டும் என்பதே பலரின் கருத்து. அளந்த நிறையும் காலமும் கையில் இருந்ததால்தான் இப்படியொரு கேள்வியையே எழுப்ப முடிந்தது.

இந்த எச்சரிக்கை புதிதன்று. 70 ஒபியூக்கி என்ற இரட்டை விண்மீனின் பாதையில் கண்ட பிறழ்வுக்குக் கோள் ஒன்று காரணமாக இருக்கக்கூடும் என்று, சென்னை வான்காணகத்தின் தலைவராக இருந்த வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப் 1855-இலேயே எழுதினார். பிற்கால அளவீடுகள் அதை ஏற்கவில்லை. ஆகவே செய்தியில் 'கோள்' என்று இருக்கிறதா, 'கோளாக இருக்கக்கூடியது' என்று இருக்கிறதா என்பதைக் கவனித்துப் படியுங்கள். இரண்டாவது வகையில் எங்கள் சரிபார்ப்பு இன்னும் முடிந்திருக்காது.