ஏகீய என்றால் ‘ஒருமித்த’ அல்ல

அண்மையில் கொழும்பில் ஒரு கலந்துரையாடலுக்குப் போயிருந்தேன். மேடையில் இருந்தவர் சிங்களத்தில் ‘ஏகீய ராஜ்ய’ என்றார். என் மொழிபெயர்ப்புக் காதுக் கருவியில் ‘ஒருமித்த நாடு’ என்று வந்தது. நான்கு தடவை சொன்னார். நான்கு தடவையும் அதே தமிழ். பக்கத்தில் இருந்த ஐயா, “பரவாயில்லை, இறங்கி வந்திட்டினம்” என்றார். பேசியவரோ ஓர் அடிகூட இறங்கி வரவில்லை.

ஏகீய என்பது ‘ஏக’ என்ற வடசொல்லின் வழி வந்தது. அதிகாரம் முழுவதும் ஒரே மையத்தில் இருக்கும் ஆட்சிமுறை, அதாவது யுனிட்டரி. இலங்கையின் 1972 அரசியல் யாப்பில் வந்து, 1978 யாப்பின் 2ஆம் உறுப்புரையிலும் நிற்கிறது. அங்கே தமிழில் ‘ஒற்றையாட்சி’ என்றே இருக்கிறது. நல்ல சொல், கேட்டதும் விளங்கும்.

‘ஒருமித்த’ எங்கே வரும்? ஒருமித்த குரல், ஒருமித்த கருத்து, மனம் ஒருமித்த தம்பதி. பலர் இருந்து, உடன்பட்டு, ஒன்றாகியிருக்க வேண்டும். ஒற்றையில் இரண்டாமவருக்கே இடமில்லை. போதாததற்கு ‘ஆட்சி’யை எடுத்துவிட்டு ‘நாடு’ என்று போட்டாயிற்று. பிணக்கே ஆட்சி அதிகாரம் யாரிடம் என்பதில்தானே? 2002 டிசம்பரில் ஒஸ்லோவில் அரசும் புலிகளும் ஆராய இணங்கியது ஐக்கிய இலங்கைக்குள் சமஷ்டித் தீர்வு. (கூட்டாட்சி என்றால் எனக்கு இன்னும் பிடிக்கும். ஆனால் இங்கே சமஷ்டி வேரூன்றிவிட்டது.) அந்த ‘ஐக்கிய’வுக்குச் சிங்களத்தில் ‘எக்சத்’ என்று வேறு சொல் இருக்கிறது. ஐக்கிய தேசியக் கட்சியின் சிங்களப் பெயரைப் பார்த்தாலே தெரியும். சிங்களம் பேசுவோர் இரண்டையும் குழப்புவதில்லை, நாம்தான் குழப்புகிறோம்.

2017 செப்டம்பரில் வந்த, புதிய யாப்புக்கான வழிநடத்தல் குழுவின் இடைக்கால அறிக்கைதான் இந்தச் சோடியைப் பரப்பியது. அதன் ஆங்கிலப் பிரதியில்கூட ‘ஏகீய ராஜ்ய’, ‘ஒருமித்த நாடு’ இரண்டையும் மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்தார்கள். சரி, அங்கே வரைவிலக்கணமாவது கூடவே இருந்தது. இப்போது அது இல்லாமலே மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லை மட்டும் எடுத்து வீசுகிறார்கள்.

நமது சட்டங்களின் கடைசிப் பிரிவைப் பாருங்கள்: சிங்கள, தமிழ் உரைகள் முரண்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும். தமிழில் எவ்வளவு இதமாக எழுதினாலும் நிற்கப்போவது ஏகீய.

தேநீர் இடைவேளையில் ஐயாவுக்கு இதைச் சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப ஒற்றையாட்சி எண்டே சொல்லியிருக்கலாமே, தம்பி” என்றார்.